நஞ்சு பிடிக்கும் பொடி

மிளகாய் தரம் பிரிக்கிறவளை நிறத்தில் ஏமாற்ற முடியாது. ராக்கு பன்னிரண்டு வயதிலிருந்து குண்டு மிளகாய்க் களத்தில் உட்கார்ந்தவள். மற்றவர்களுக்கு ஒரே சிவப்பாகத் தெரிகிற குவியலில் அவள் நாலு சிவப்பு பார்ப்பாள். மழை பட்டது, ஈரத்தோடு அள்ளியது, செடியிலேயே வாடியது, நல்லது என்று கை தன்னால் பிரித்துப் போட்டுக்கொண்டே போகும். அதனால்தான், பூமிநாதன் கொண்டுவந்த வெள்ளைக் காகிதத் துண்டு தண்ணீர்க் குப்பியின் வாயில் கொஞ்ச நேரம் இருந்து மஞ்சளாகி, மஞ்சளைத் தாண்டிப் பழுப்பானபோது, நிற அட்டையில் எந்தக் கட்டத்தோடு அது சேரும் என்று அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க, அவள் விரலை வைத்துக் காட்டிவிட்டாள்.

“இந்தக் கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சார். ஆனா அடுத்ததுக்குத்தான் கிட்ட.”

பூமிநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த முப்பது வயதுக்காரர். அவள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

“இது என்ன சார்?”

“ஆர்சனிக்னு பேரு அக்கா. பாஷாணம்னு சொல்லுவோம்ல, அதான். உங்க போர்த் தண்ணியில இருக்கு.”

அது இரண்டாயிரத்து ஆறாம் வருடம், பங்குனி மாதம். ஓடைக்குறிச்சி உப்பூரிலிருந்து உள்ளே ஐந்து கல் தொலைவு. எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கிற ஊர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஊர்த்தலைவர் நாகநாதனின் தகப்பனார் தன் புஞ்சையில் முந்நூறு அடிக்கு போர் இறக்கியபோது வந்த தண்ணீர்தான் ஊர் கண்ட முதல் நல்ல தண்ணீர். அவர் அதை ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் சைக்கிளில் நாலு குடம் கட்டிக்கொண்டு வந்து பிடித்துப் போவார்கள். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம்.

ராக்குவின் புருஷன் சோணைமுத்துவுக்கு நாலு வருடமாக உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, அங்கங்கே ஆணி ஆணியாகக் கிளம்பியிருந்தது. நெஞ்சிலும் முதுகிலும் மழைத் தூறல் விழுந்த புழுதி மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். பெருவியாதி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அறுப்புக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். டீக்கடையில் அவனுக்கென்று ஒரு டம்ளரைக் கூரை ஓலையில் செருகி வைத்தார்கள். அவனே எடுத்து, அவனே கழுவி, அவனே செருக வேண்டும். ராக்கு அவனை இராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியாஸ்பத்திரியில் காட்டினாள். அங்கிருந்த தோல் டாக்டரம்மாதான் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?” என்று கேட்டவர். அவர் எழுதிய கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பூமிநாதன் ஊருக்கு வந்தார்.

நாகநாதன் முதலில் எகிறினார். “எங்க அய்யா தானமாக் குடுத்த தண்ணியில பாஷாணமா? இருவது வருசமாக் குடிக்கிறோம், ஊரே செத்தா போச்சு?”

பூமிநாதன் பதறாமல் சொன்னார். “ஒரே நாள்ல கொல்றதில்ல சார். கொஞ்சங் கொஞ்சமாச் சேரும். ருசி கிடையாது, வாடை கிடையாது. போரை மூடிட்டு வேற தண்ணிக்கு வழி பண்ணுறதுதான் சரி.”

“வேற தண்ணி எங்கன இருக்கு?”

மேற்கே முனியன் கோயில் கிணறு இருந்தது. அதிலும் காகிதத்தை வைத்துப் பார்த்தார்கள். வெள்ளையாகவே இருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. குடித்தால் நாக்கு தடிக்கும், தாகம் அடங்காது. ஊரில் ஒருவரும் அதை ஆட்டுக்குத் தவிர எடுப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பூமிநாதன் ஒரு வேன் நிறையச் சாமான்களோடு திரும்பி வந்தார். வெளிநாட்டு அமைப்பு ஒன்று அவருடைய ஆராய்ச்சிக்கு உதவியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளை மேடை மேல் ஏற்றினார்கள். பொடி, பைகளில் வந்தது. அடுப்புக் கரியைவிடக் கறுப்பு. மாவைவிட நைசு. கையில் எடுத்தால் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

“இது இரும்புத் துருவோட ஒரு சாதி” என்றார் பூமிநாதன், ராக்குவிடம். கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்றபோது அவர் வேறு யாரையும் கேட்கவில்லை. “தண்ணியில போட்டுக் கலக்கினா, பாஷாணம் வந்து இதுமேல ஒட்டிக்கும். அப்புறம் பொடியை எப்படி வெளிய எடுக்கிறது? வடிகட்டினா துணியில நிக்காது, அவ்வளவு நைசு. அதுக்குத்தான் காந்தம்.”

தொட்டிக்குக் கீழே ஒரு பலகையில் வட்ட வட்டமாகக் காந்தங்கள் பதித்திருந்தன. நெம்புகோலைத் தள்ளினால் பலகை தொட்டியின் அடியில் போய் ஒட்டும். முதல் நாள் ஊரே கூடி நின்றது. ராக்கு பொடியைக் கொட்டித் துடுப்பால் அரை மணி நேரம் கலக்கினாள். தண்ணீர் மையாகிவிட்டது. “இதையா குடிக்கச் சொல்ற?” என்று ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். ராக்கு நெம்புகோலைத் தள்ளினாள். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரந்தான். மேலேயிருந்து கறுப்பு இறங்கியது. கலங்கல் புகையாகி, புகை நூலாகி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. தொட்டியின் பாதி உயரத்தில் இருந்த குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர். காகிதத்தை வைத்துப் பார்த்தாள். வெள்ளை. அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள்.

பொடியைக் காஸ்டிக் சோடா கலந்த காரத் தண்ணீரில் கழுவினால் ஒட்டின பாஷாணம் விட்டுவிடும், மறுபடி போடலாம். கழுவின தண்ணீரை நீல டிரம்மில் ஊற்றி மூடி வைக்க வேண்டும், தரையில் ஒரு சொட்டுப் படக்கூடாது. இதெல்லாம் ராக்குவுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அவள் வேலை செய்வதைப் பார்த்துப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை. “தண்ணிக்காரக்கா” என்று பேர் விழுந்தது. மிளகாய்க் களத்தில் அவளை “ஏய்” என்று கூப்பிட்டவர்கள் குடத்தோடு வரிசையில் நின்று, “அக்கா, நம்மளுக்குக் கொஞ்சம் சீக்கிரமா” என்றார்கள்.

சோணைமுத்துவின் வியாதி ஒட்டுவாரொட்டி இல்லை, தண்ணீரால் வந்தது என்று பூமிநாதன் கூட்டம் போட்டுச் சொன்னார். மறுநாள் டீக்கடைக்காரர் கூரையிலிருந்த டம்ளரை எடுத்துக் குப்பையில் போட்டார். சோணைமுத்து எல்லோரும் குடிக்கிற டம்ளரில் டீ குடித்துவிட்டு வந்து, வாசலிலேயே நின்று அதைப் பொண்டாட்டியிடம் சொன்னான். அந்த வருடம் தை அறுப்புக்கு அவனையும் கூப்பிட்டார்கள். தடித்த கையால் அரிவாளை முன்போல் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் போனான்.

பதினாலு மாதம் அப்படி ஓடியது.

இரண்டாயிரத்து ஏழு ஆடியில் பூமிநாதன் வந்தார். பட்டம் வாங்கிவிட்டதாகவும், வடக்கே ஒரு ஊரில் வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. ராக்குவைப் பார்த்ததும் அதைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டார்.

“திட்டம் இதோட முடியுதுக்கா. இது கடைசிப் பை. இருவது தடவை கழுவிப் போடலாம். அதுக்கு மேல பிடிக்காது.”

“அதுக்கு மேல?”

“நான் சொல்லியிருக்கேன். காலேஜ்ல என் எடத்துக்கு வர்றவங்க அனுப்புவாங்க. இல்லேன்னா நானே அனுப்புறேன். போன் பண்ணுங்க.” ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். சோதிக்கிற காகிதம் பன்னிரண்டு மிச்சம் இருந்தது. அதையும் கொடுத்தார்.

ராக்கு கழுவுவதைச் சுவரில் கோடு போட்டு வைத்தாள். காகிதத்தைச் சிக்கனமாக எடுத்தாள். பதினைந்தாவது கழுவலுக்குப் பிறகு காகிதத்தில் லேசாக மஞ்சள் தட்டியது. வேறு யாராக இருந்தாலும் வெள்ளை என்றுதான் சொல்லியிருப்பார்கள். பதினெட்டாவதுக்கு எலுமிச்சை மஞ்சள். ஆர்.எஸ். மங்கலம் போய் ஒரு ரூபாய் போனில் பேசினாள். “பத்து நாள்ல அனுப்புறேன்கா” என்றார் பூமிநாதன். இருபத்திரண்டாவதில் காகிதம் பழுப்பாகியது. கடைசிக் காகிதம். முதல் நாள் அவள் விரல் வைத்துக் காட்டிய அதே கட்டம்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நாகநாதனிடம் போனாள். அவர் வைக்கோல் போர் போடுவதை மேற்பார்த்துக்கொண்டு நின்றார்.

“அய்யா, பொடி செத்துப்போச்சு. இனிமே நஞ்சப் பிடிக்காது.”

அவர் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. “காந்தம் இழுக்குதா?”

“இழுக்குது.”

“தண்ணி தெளியுதா?”

“தெளியுது அய்யா. இரும்பு, இழுக்கத்தான் செய்யும். தெளியுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போர்த் தண்ணி முன்னாடியே தெளிஞ்ச தண்ணிதான?”

“ஏ ராக்கு, இங்க பாரு.” குரலைத் தணித்துக்கொண்டார். “அடுத்த வாரம் அந்த வெளிநாட்டுக்காரங்க பாக்க வாராங்க. இங்கன நல்லா நடக்குதுன்னு கண்டாத்தான் இன்னும் செய்வாங்க. படுத்துப்போச்சுன்னு சொன்னா கொட்டகையப் பிரிச்சு, போருக்கும் பூட்டப் போட்டுட்டுப் போயிருவாங்க. பெறகு ஊரு முனியன் கோயில் உப்புத் தண்ணியத்தான் குடிக்கணும். அப்ப ஒன்னைய விட்டு வைப்பாங்களா? காவிரித் தண்ணி குழாயில வரப்போகுதுங்கறாங்க. அதுவரைக்கும் வாயப் பொத்திக்கிட்டு ஓட்டு.”

வீட்டில் சோணைமுத்துவும் அதையே வேறு விதமாகச் சொன்னான். “சொல்லிறாத புள்ள. கொட்டகை போச்சுன்னா ஒனக்கிருக்கிற மதிப்பும் போச்சு. எனக்கு மறுபடியும் கூரையில டம்ளரச் செருகுவாங்க. அந்தத் தம்பி பத்து நாளுன்னுதான சொன்னாரு? பாப்பம்.”

ராக்கு பத்து நாள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போலப் பொடியைக் கொட்டிக் கலக்கினாள். நெம்புகோலைத் தள்ளினாள். கறுப்பு இறங்கியது. வரிசையில் முதலில் நின்றவள் பஞ்சம்மாள். ராக்குவோடு ஒரே களத்தில் மிளகாய் பிரித்தவள், பக்கத்து வீட்டுக்காரி. மகள் ராமலெட்சுமியை வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். புள்ளத்தாச்சி வீட்டுக்கு முதல் குடம் என்று ராக்குவே ஒரு வழக்கம் வைத்திருந்தாள். அன்றும் முதல் குடத்தை நிறைத்துத் தலையில் தூக்கிவிட்டாள். கொஞ்சம் தண்ணீர் பஞ்சம்மாளின் தோளில் சிந்தியது. “பாத்து மதினி” என்று பஞ்சம்மாள் சிரித்துவிட்டுப் போனாள்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண், பேச்சை மாற்றிச் சொல்ல மதுரையிலிருந்து ஒருத்தர். ராக்கு துடுப்பைப் போட்டாள். கறுப்பு இறங்கியபோது அந்தப் பெண் கை தட்டினாள். போட்டோ எடுத்தார்கள். ராக்கு இரவெல்லாம் ஒரு வார்த்தையைத் தயார் செய்து வைத்திருந்தாள். ‘பொடி தீந்துபோச்சு, புதுசு வேணும்.’ அவ்வளவுதான், நாகநாதன் பக்கத்தில் நின்றாலும் சொல்லிவிட வேண்டும்.

மதுரைக்காரர் அவளிடம் திரும்பி, “இந்தத் தண்ணி வந்ததுல சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்குறாங்கம்மா” என்றார்.

வரிசையில் குடங்களோடு ஊரே நின்றது. கூட்டத்தின் பின்னால் சோணைமுத்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நாலு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆமா” என்றாள் ராக்கு.

அவர்கள் தலையை ஆட்டிவிட்டு வேனுக்குப் போனார்கள். அவள் துடுப்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். வேன் கிளம்பிய பிறகுதான் தொண்டையில் அந்த வார்த்தை வந்தது.

பத்து நாள் போனது. மங்கலத்துக்குப் போய்ப் பேசினாள். “ஆளைக் கேட்டுட்டு இருக்கேன்கா, இன்னொரு பத்து நாள்.” அடுத்த தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. அதற்கடுத்த தடவை அந்த நம்பரே இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. ராக்கு தினமும் மத்தியான பஸ்ஸுக்குப் போய் நின்று, கண்டக்டர் ஏதாவது பையை இறக்குகிறாரா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

காகிதம் பழுப்பான அன்றிலிருந்து தன் வீட்டுக்கு மட்டும் அவள் முனியன் கோயில் கிணற்றில் இறைத்தாள். கிழக்கு வெளுக்கும் முன்பே போய், குடத்தின் மேல் புல்லுக்கட்டைச் சாய்த்து மறைத்துக்கொண்டு, கருவேலங்காட்டு வழியாகத் திரும்புவாள். சோணைமுத்து முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணுவான். “நீதான சொல்லாதங்கற? குடி” என்பாள். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு உப்புக் கஞ்சி குடித்தார்கள்.

நாற்பத்திரண்டாவது நாள் பஞ்சம்மாள் பார்த்துவிட்டாள். வெள்ளாட்டுக் குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதைத் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தவள். கருவேல மறைவில் ராக்கு எதிரே வர, குட்டி துள்ளியதில் புல்லுக்கட்டு சரிந்தது.

“என்ன மதினி, முனியன் கெணத்துத் தண்ணி? மாட்டுக்கா?”

ராக்குவிடம் மாடு கிடையாது. அது பஞ்சம்மாளுக்குத் தெரியும். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“குடிக்கவா?”

ராக்கு குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“நீ ஏன் இதக் குடிக்கிற? ஒங்கையால எறைச்சு ஊத்துற தண்ணி இருக்கையில?” பஞ்சம்மாள் குட்டியைக் கீழே விட்டாள். “சொல்லு. எம்மவ வகுத்துப் புள்ளையோட அதத்தான குடிக்கிறா? சொல்லு மதினி.”

“பொடி பிடிக்கல பஞ்சம்மா. ஆவணியிலேர்ந்து பிடிக்கல.”

பஞ்சம்மாள் அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. ராக்குவின் இடுப்பிலிருந்த குடத்துக்குள் கையை விட்டு, ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். அதன் உப்பு நாக்கில் பட்டதும் அழ ஆரம்பித்தாள்.

பொழுது ஏறுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூடினார்கள். ராக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கழுவிய கோடுகள், கடைசிக் காகிதம், நாகநாதனிடம் போனது, போன் நம்பர், ஒன்றையும் விடவில்லை. சோணைமுத்து எழுந்து, “நாந்தான் சொல்லாதன்னேன், என்னைய அடிங்க” என்றான். அவனை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாகநாதன் கடைசியாக எழுந்தார். “எங்கிட்ட வந்தாளா? பொடி கொறையுதுன்னு வந்தா. எழுதிப் போடுறேன்னேன். அந்தப் பொடியக் காரத் தண்ணியில கண்டமேனிக்குக் கழுவிக் கெடுத்ததே இவதான். தனக்கு மட்டும் வேற தண்ணி! ஊருக்கு நஞ்சு, இவளுக்குக் கெணறு. கேட்டுக்கங்க.”

பொடியைப் பற்றி அவர் சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்லை. கிணற்றைப் பற்றிச் சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. அது உண்மையாகவும் இருந்தது. ஒருத்தி மண்ணை வாரி ராக்கு மேல் எறிந்தாள். கொட்டகைச் சாவியை அவள் முந்தானையிலிருந்து அவிழ்த்து எடுத்தார்கள். நாகநாதன் தன் வீட்டில் வேலை பார்க்கிற மீனம்மாளிடம் அதைக் கொடுத்து, “நீ பாரு. இவள மாதிரி மட்டுமீறிக் கழுவாத” என்றார்.

மூன்று நாள் ஊர் உப்புத் தண்ணீர் குடித்தது. நாலாம் நாள் கொட்டகை திறந்தது. மீனம்மாள் அதே பொடியைக் கொட்டிக் கலக்கினாள். நெம்புகோலைத் தள்ளினாள். கறுப்பு ஒழுங்காக இறங்கியது.

“பாத்தீங்களா? அவதான் ஏதோ பண்ணியிருக்கா” என்று ஒருத்தி சொல்ல, மறுபடி வரிசை கட்டிவிட்டார்கள்.

ராக்கு அங்கே போனாள். வரிசையின் ஓரத்தில் நின்று, குடத்தோடு நகர்கிற ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். “அது செத்த பொடி ஆத்தா. வெறும் இரும்பு. குடிக்காதீங்க.” சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவி மட்டும் நின்று பதில் சொன்னாள். “தெரியும்டி. அந்தக் கெணத்துத் தண்ணியில எனக்குச் சோறு வேக மாட்டேங்குது. அரக்கல்லு நடக்க முடியல. நீ எங்களைய நம்ப வச்சேல்ல, நாங்க நம்பிட்டுப் போறோம். தள்ளு.”

கிழவி போன பிறகு மீனம்மாள் பொடியைக் கழுவின தண்ணீரை வாளியில் எடுத்து வந்தாள். நீல டிரம் நிறைந்துவிட்டது என்று கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்தாள். ராக்கு ஓடிப் போய்த் தடுத்தாள். மீனம்மாள் வாளியை உதறிக்கொண்டு, “ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போக்கா” என்றாள். அதற்குப் பிறகு ராக்கு அங்கே போகவில்லை.

ராமலெட்சுமிக்கு ஐப்பசிக் கடைசியில், நாள் கணக்குக்கு ஒரு மாதம் முன்னாலேயே வலி கண்டது. மங்கலம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் கிடந்து பிழைத்தது. தண்ணீரால்தான் இப்படி என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. மூன்று மாதம் தாய் வீட்டில் இருக்க வேண்டியவளை, ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே புருஷன் வீட்டார் கூட்டிக்கொண்டு போனார்கள். பஞ்சம்மாள் தனியாக பஸ் ஏறி ஊருக்கு வந்தாள்.

சோணைமுத்துவின் குதிகாலில் இருந்த ஆணிகளில் ஒன்று கார்த்திகையில் வெடித்துப் புண்ணானது. ஆறவில்லை. மதுரைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். டீக்கடையில் அவனுக்கு டீ கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். இந்தத் தடவை வியாதிக்காக இல்லை.

மதுரைக்குக் கிளம்ப இருந்த அன்று விடிந்த பிறகு, மறைக்க ஒன்றும் இல்லாததால் வெறும் குடத்தோடு, ராக்கு முனியன் கோயில் கிணற்றுக்குப் போனாள். அங்கே பஞ்சம்மாள் இறைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் அந்தத் தண்ணீருக்கு வந்திருந்த இன்னொரு ஆள் அவள் மட்டுந்தான். ராக்கு சற்றுத் தள்ளி நின்றாள்.

“பாப்பா நல்லாருக்கா பஞ்சம்மா?”

பஞ்சம்மாள் வாளியை மேலே இழுத்துக் குடத்தில் சாய்த்தாள். இரண்டாவது வாளியும் இறைத்தாள். குடம் நிறைந்தது. வாளியிலிருந்து தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள்.

“நாப்பத்தி ரெண்டு நாளு, மொதக் குடம்” என்றாள். ராக்குவைப் பார்த்துச் சொல்லவில்லை.

குடத்தைத் தானே தலைக்கு ஏற்றிக்கொள்ள முயன்றாள். கழுத்து நடுங்கியது. ராக்கு கை கொடுக்கப் பக்கத்தில் வந்தாள். பஞ்சம்மாள் குடத்தை இறக்கி, பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். பிறகு மிச்சத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.